கணக்கு முடியாத கிடங்குகள்

சுரங்க இடிபாடுகளைப் பார்க்கப் போவது இன்று உலகம் முழுக்க ஒரு சுற்றுலாத் தொழில். கோட்டைக்கும் கோயிலுக்கும் போல இதற்கும் வழிகாட்டி வந்துவிட்டார், படம் எடுக்கும் இடம் வந்துவிட்டது. ஆனால் கோட்டையைக் கட்டியவன் அது நிற்கட்டும் என்று கட்டினான். சுரங்கக் கம்பெனி கட்டியதெல்லாம் சரக்கு தீர்ந்ததும் போட்டுவிட்டுப் போவதற்கு. போட்டுவிட்டுப் போனதை நாம் எந்த முறையில் பார்ப்பது, அங்கே மிச்சம் இருப்பது யாருடையது என்ற கேள்வியை விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழிப் பக்கம் உட்கார்ந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் இருக்கிற பந்தல்குடியில் பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். ராமசாமிராஜா நகரில் 1960-களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய சிமெண்ட் ஆலைக்கு இந்தப் பகுதியிலிருந்தும் கல் போனது. வெட்டிய பள்ளம், எங்கள் பேச்சில் கிடங்கு, ஒருநாள் இடிபாடு ஆகும். அதைப் பார்க்கவும் ஆள் வரும்.

உலகத்தில் சுலபமாகப் பார்க்கக்கூடிய தங்கச் சுரங்க இடிபாடு எது என்று கேட்டால் கரீபியன் கடலில் வெனிசுலாவுக்கு வடக்கே கிடக்கிற அரூபா தீவைத்தான் சொல்லவேண்டும். மொத்தப் பரப்பு 180 சதுர கிலோமீட்டர். 1824-இல் ஆடு மேய்க்கப் போன பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஓடையில் தங்கத் துண்டைக் கண்டெடுத்தான் என்று அங்கே சொல்கிறார்கள். 1872-இல் லண்டன் கம்பெனி ஒன்று வடக்குக் கடற்கரையில் புஷிரிபானா என்ற இடத்தில் கல்கட்டடம் எழுப்பித் தாதுவை உருக்கியது. பத்தாண்டு ஓடியதோடு சரி. 1899-இல் இன்னொரு கம்பெனி பலாஷியில் புதிய உருக்காலை போட்டது. முதல் உலகப்போரில் வெடிமருந்தும் மற்றப் பொருள்களும் வராமல் போக, 1916-இல் அதுவும் நின்றது. அரிகோக் தேசியப் பூங்காவுக்குள் மிராலாமார் என்ற மூன்றாவது இடத்திலும் பழைய சுரங்கக் கட்டடங்கள் உண்டு.

புஷிரிபானாவில் இன்று நிற்பது கூரையில்லாத கருங்கல் சுவர். ஜன்னல் இருந்த ஓட்டைகளின் வழியே கடல் தெரியும். ஜீப்பில் வரும் பயணிகள் சுவரில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பாறைக் குளத்தில் குளித்துவிட்டுப் போகிறார்கள். பலாஷி என்ற பெயர் இன்று அந்தத் தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கும் உள்ளூர் பீருக்கும் உரியது. தங்கம் தந்த இடம் தண்ணீர் தருகிறது என்றால் எங்கள் ஊரில் அதைப் பதவி உயர்வு என்றே எடுத்துக்கொள்வோம்.

அந்தத் தீவின் படங்கள் திருச்சுழிக்காரருக்கு அந்நியமாகத் தோன்றாது. குண்டாற்றங்கரையில் எது மண்டிக்கிடக்கிறதோ அந்தச் சீமைக்கருவேலம்தான் அங்கே சொந்த மரம். குவிஹி என்பார்கள். அங்கும் ஆடு அதன் நெற்றைத் தின்று விதையைப் பரப்புகிறது. மதராஸ் மாகாணத்தில் காடு வளர்க்க ஜமைக்காவிலிருந்து இதன் விதையைத் தருவித்தது 1877-இல், தாது வருடப் பஞ்சக் காலத்தில். கரீபியனில் இருந்து நமக்கு வந்த சரக்குகளிலேயே நீண்ட நாள் நிலைத்தது இதுதான்.

அரூபா ஏன் இவ்வளவு சுலபம்? அங்கே கணக்கு முடிந்துவிட்டது. சுரங்கம் சிறியது, நடந்த காலமும் குறைவு. 1920-களில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்து பிழைப்பை மாற்றிவிட்டது. சம்பளப் பாக்கி கேட்டு இன்று அங்கே யாரும் நிற்கவில்லை. ஆகவே சுவரை ரசிக்கலாம். கணக்கு முடியாத இடத்தில் அதே ரசனையோடு போய் நின்றால் என்ன ஆகும் என்று பார்க்க நாம் கோலாருக்குப் போகவேண்டும்.

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருந்தாலும் தமிழரின் சுரங்கம். 1802-இல் எல்லை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் ஊர்க்காரர்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அதைப் பிற்பாடு படித்த மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் 1875-இல் உரிமம் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தபிறகுதான் தொழில் பிடிபட்டது. மேலே வேலை வாங்க இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருந்து சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டிவந்தார்கள். கீழே இறங்கியவர்கள் வட ஆற்காடு, தருமபுரி, சித்தூர்ப் பக்கத்து மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள். 1902-இல் சிவசமுத்திரத்தில் தயாரான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே முதலில் வந்தது பெங்களூருக்கு அல்ல, இந்தச் சுரங்கத்துக்கு. சாம்பியன் ரீஃப் சாஃப்ட், அதாவது செங்குத்துச் சுரங்கக் குழி, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடும்வரை வெளியே வந்த தங்கம் சுமார் 800 டன்.

  

இன்று தங்கவயலில் பயணி என்ன பார்க்கிறார்? 1885-இல் தொடங்கிய கிளப், தேவாலயங்கள், அதிகாரிகளின் பங்களாக்கள், பூட்டிய கேட்டுக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கும் சாஃப்ட் கோபுரங்கள். எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கண்ணில் படுவது சயனைடு மேடு. தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு. 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல். பக்கத்தில் போனால் சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில் சந்தன மாவுபோல் இருக்கும். மழை அரித்த ஓடைகள் மேலிருந்து கீழ்வரை கீறிக்கிடக்கும். செடி பிடிப்பது அபூர்வம். கோடையில் காற்று கிளம்பினால் அந்தப் புழுதி தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் வந்து படிகிறது. சினிமாக்காரர்களுக்கு இந்த மேடுகள் ரொம்பப் பிடிக்கும். 2018-இல் வந்த கே.ஜி.எஃப். படத்துக்குப் பிறகு அவற்றைப் பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள். 2024-இல் பா. இரஞ்சித்தின் தங்கலான் அந்த மண்ணைத் தோண்டியவர்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. இரண்டையும் பார்த்த ரசிகர், மேட்டுக்குக் கீழே குடியிருப்பவர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாரா என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

அந்தப் புழுதியின் கணக்கு எழுத்திலேயே இருக்கிறது. 1940 முதல் 1946 வரை 7,653 தங்கச்சுரங்கத் தொழிலாளர்களைச் சோதித்ததில் 43.7 விழுக்காட்டினருக்கு நுரையீரலில் கல்தூசு படியும் சிலிகோசிஸ் இருந்தது. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் முறையாகப் பதிவானதே கோலாரில்தான். 1930-இல் தொழிலாளர்களின் விரல்ரேகையை எடுக்கக் கம்பெனி முனைந்தபோது, எங்களைக் குற்றப்பரம்பரை ஆக்குகிறாயா என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். மூடியபோது இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேருக்குப் பிறகு அடுத்த தலைமுறை விடிகாலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறது. வீட்டுப் பட்டா வழக்கு, பாக்கித் தொகை வழக்கு இவற்றோடு காலம் போகிறது. மூடிய சாஃப்டுக்குள் இரும்பும் மண்ணும் திருட இறங்கி மூச்சடைத்துச் செத்தவர்களும் உண்டு. மேட்டில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசு போட்ட திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. ஆக, இது இடிபாடே அல்ல. பாதியில் நிற்கிற தொழில். அதை மரபுச் சின்னம் என்று அறிவித்து டிக்கெட் போட்டால் லைன் வீட்டுக்காரர்களும் காட்சிப் பொருள் ஆகிவிடுவார்கள். அறிவிக்காமல் விட்டால் சாஃப்ட் கோபுரம் காயலான் கடைக்குப் போய்விடும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், முதலாவது என்பேன். இரும்பு போனால் படமாவது இருக்கும்.

தமிழ்நாட்டுக்குள் இருக்கும் தங்க இடிபாடு நீலகிரியில். திருச்சுழியில் ரமணர் பிறந்த அதே 1879-இல் பிரஃப் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சுரங்க நிபுணர் அந்தப் பகுதி அடங்கிய வயநாட்டுத் தங்கத்தைப் பார்க்க வந்திறங்கினார். அவர் அறிக்கை கொடுத்த கையோடு லண்டன் பங்குச்சந்தை கிறுக்குப் பிடித்து ஆடியது. சில மாதங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள். பந்தலூரில் ஹோட்டல் வந்தது, குதிரைப் பந்தய மைதானம் வந்தது. 1883-க்குள் எல்லாம் காலி. பங்கை விற்றவர்கள் சம்பாதித்தார்கள். பாறையை உடைத்த இயந்திரங்கள் காட்டில் கிடந்து துருப்பிடித்தன. பிறகு அந்தச் சரிவுகளில் தேயிலை ஏறியது.

எங்கள் சீமைக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. கோலாருக்கு எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் குறைவு. பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் மானாவாரிக்காரன் பஞ்சம் வந்தால் கங்காணியின் பின்னால் கண்டிச்சீமைக்கு, இலங்கைத் தோட்டங்களுக்குப் போனான். 1964-இல் சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, திரும்பி வந்தவர்களில் பலரை அரசு கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் குடியேற்றியது. கருவேலங்காட்டில் கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்படி ஒரு பழைய தங்கவயலின் மேல் வந்து அமர்ந்தார்கள். அந்த வட்டாரத்துத் தேவாலாவைச் சுற்றி வெள்ளைக்காரன் விட்டுப்போன குகைகள் திறந்தே கிடக்கின்றன. தோட்ட வேலை குறைந்தபோது ஆட்கள் உளியும் டார்ச் லைட்டுமாக உள்ளே இறங்கத் தொடங்கினார்கள். வெட்டிய கல்லை இடித்துத் தூளாக்கி, பாதரசம் சேர்த்துத் தங்கத்தைப் பிடித்து, பாதரசத்தை நெருப்பில் ஆவியாக்கிவிடுவார்கள். ஆவி முகத்துக்கு நேரே. மிச்சம் ஓடைக்கு. மண் சரிந்தும் மூச்சுமுட்டியும் செத்த செய்தி அவ்வப்போது வரும். அதிகாரிகள் குகை வாயை மூடுவார்கள், கொஞ்ச நாளில் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். காபித் தோட்டமும் காட்டு யானையும் பார்க்க வரும் பயணியிடம் இந்தக் குகைகளைக் காட்டி, பழங்காலச் சுரங்கம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பழங்காலம் முடியவில்லை என்பதைச் சொல்வதில்லை.

பரங்கிப்பேட்டையின் இரும்பாலைக்கு இதற்கு நேர் எதிரான விதி. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வேலையை விட்டுவிட்டு, சேலத்துத் தாதுவைக் கொண்டு 1830-களில் அங்கே ஊதுலை நிறுவினார். கரிக்கு மரம் போதவில்லை, கடன் ஏறியது, 1860-களோடு ஆட்டம் முடிந்தது. இன்று பரங்கிப்பேட்டைக்குப் போகிறவருக்குப் பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை.

ஈராயிரம் ஆண்டு பின்னே போனால் நிலைமை சற்றே நல்லது. நொய்யல் கரையில் கொடுமணலில் 1980-களில் தொடங்கிய அகழாய்வு இரும்பு உருக்கிய உலைகளையும், கல்மணி செய்த பட்டறைகளையும் வெளியே கொண்டுவந்தது. பச்சைக்கல் கிடைத்த பூமியான காங்கயம் பக்கத்துப் படியூரும் அங்கிருந்து தொலைவில் இல்லை. கொடுமணலில் தமிழி எழுத்தில் ஆள்பெயர் கீறிய பானையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பட்டறை மண்ணோடு பெயர்களும் சேர்ந்து வந்தன என்பதே கொடுமணலுக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் பெரும் லாபம். 1872-இல் அரூபாவில் கல் அடுக்கியவன் பெயர் சுவரில் இல்லை.

பெயரை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் காப்பாற்றினால் என்ன தகராறு வரும் என்பதற்கு ஜப்பானின் ஹஷிமா தீவு சாட்சி. நிலக்கரிச் சுரங்கத் தீவு, 1974-இல் கைவிடப்பட்டது. 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, போர்க்காலத்தில் கொரியர்களை வலுக்கட்டாயமாக அங்கே வேலைவாங்கிய வரலாற்றையும் சொல்வோம் என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. அதற்கான தகவல் மையம் திறந்தது தீவுக்குப் பக்கத்தில் அல்ல, டோக்கியோவில். சொன்னபடி செய்யவில்லை என்று 2021-இல் யுனெஸ்கோ குழு வருத்தம் தெரிவித்தது. பொலிவியாவின் பொட்டோசி இன்னொரு மாதிரி. 1987-இலேயே உலக மரபுச் சின்னம். மலைக்குள் இன்றும் கூட்டுறவுத் தொழிலாளர்கள் தாது வெட்டுகிறார்கள், பயணிகள் காசு கட்டி உள்ளே போய் அவர்கள் வேலை செய்வதை நின்று பார்க்கிறார்கள். தேவாலா அந்த வழியில் போகக்கூடாது.

கரீபியனிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது, அரூபாவுக்கு வடமேற்கே கியூபாவில். எல் கோப்ரே தாமிரச் சுரங்கம் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் திறந்தது. அங்கே வேலைசெய்த ஆப்பிரிக்க அடிமைகள் 1731-இல் மலைக்கு ஓடிக் கிளர்ச்சி செய்தார்கள். மன்றாடியும் வழக்காடியும் 19-ஆம் நூற்றாண்டு பிறக்கும் நேரத்தில் விடுதலை வாங்கினார்கள். இப்போது அந்தச் சுரங்கப் பள்ளத்தைப் பார்த்தபடி ஒரு குன்றின்மேல், தப்பி ஓடிய அடிமைக்கு 1997-இல் எழுப்பிய சிற்பம் நிற்கிறது. கம்பெனியின் சுவரைக் காட்டிலும் ஓடியவனுக்கு உயரம் அதிகம். அந்தக் குன்றிலிருந்து பள்ளத்தைப் பார்க்கும் பயணி அவனையும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

பந்தல்குடிக்குத் திரும்புவோம். சுண்ணாம்பு எங்களுக்குப் புதிதல்ல. கரிசலுக்கு அடியில் கிடக்கும் சுக்காங்கல்லைப் பொறுக்கிக் காளவாசலில் நீற்றி வீடு கட்டிய ஊர்கள் இவை. அந்தக் காளவாசல்களில் மிச்சம் இருப்பவற்றை யாரும் இடிபாடு என்று எண்ணுவதில்லை. ஆடு மடக்க உதவுகின்றன. சிமெண்ட்டுக்கு வேண்டிய படிகச் சுண்ணாம்புக்கல் அதைவிட ஆழத்தில், வெளிர்நிறத்தில் சாம்பல் கோடு ஓடிப் பாறையாகக் கிடப்பது. எந்தக் கைவிட்ட கிடங்கின் விளிம்பில் நின்று பார்த்தாலும் பாறை முகத்தில் மேலிருந்து கீழாக அரைவட்டப் பள்ளக் கோடுகள் வரிசையாகத் தெரியும். தமர் அடித்துத் தோட்டா வைத்து வெடித்ததில் பாதித் துளை கல்லோடு போக, மறுபாதி முகத்தில் தங்கிவிட்ட தடம். கிணறு வெட்டிப் பிழைத்த குடும்பத்துக்காரர் யாரும் அதைப் படித்துவிடுவார்கள்: எந்தத் துளை கையால் சம்மட்டி போட்டு அடித்தது, எது கம்ப்ரசர் வந்தபிறகு போட்டது என்று விளிம்பில் நின்றே சொல்வார்கள். கையால் அடித்த தமர் கொஞ்சம் வளைந்து போயிருக்கும். அந்தப் பக்கம் போகும் வெளியூர்க்காரருக்குத் தெரிவது கீழே நிற்கும் பச்சைத் தண்ணீரும் சுற்றிலும் சீமைக்கருவேலமும்தான்.

அந்தத் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். மழை மறைந்த சீமையில் அவ்வளவு நீரைக் கண்டால் பிள்ளைகள் குளிக்கத்தான் இறங்குவார்கள். கல்கிடங்கில் சரிவு கிடையாது, காலை வைத்தால் நேரே ஆழம். கைவிட்ட கிடங்குகளில் ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் நடக்கும் சாவுகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் மூன்றாம் பக்கச் செய்தி. புஷிரிபானாவின் சுவரில் ஏறி விழுந்தால் கால் முறியும். இங்கே நிலைமை வேறு.

சட்டம் இதையெல்லாம் அறவே மறந்துவிட்டது என்று சொல்லமுடியாது. 2003 முதல் பெரிய கனிமச் சுரங்கம் எதுவும் மூடல் திட்டம் கொடுத்தாகவேண்டும், அதற்கு ஈடாகப் பணமும் கட்டவேண்டும். 2017-இல் வந்த புதிய விதிகளும் அதைத் தொடர்கின்றன. சரிவை என்ன செய்வாய், தண்ணீரை என்ன செய்வாய், மேல்மண்ணை எங்கே வைத்தாய், வேலி உண்டா, இயந்திரம் எங்கே போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். ஆட்குறைப்பால் ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பகுதி உண்டு. கோலார் மூடியபோது இப்படி ஒரு விதி இல்லை. ஆனால் உடைகல் குவாரிகள் சிறு கனிமக் கணக்கில் வருவதால் அவற்றுக்குப் பொருந்துவது மாநில விதி, அங்கே பிடி தளர்வு. எங்கள் பக்கத்தில் ஆபத்தான கிடங்குகளில் பெரும்பாலானவை அந்த வகை. 2015-இன் சட்டத் திருத்தத்தால் உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சுரங்கம் நடக்கிற ஊர்களின் பேரில் பணம் சேர்கிறது. கிடங்குக்கு வேலியும் இறங்குபடியும் போட அதைக் கேட்க ஊராட்சிக்கு உரிமை இருக்கிறது. கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைப்பதற்கு ஆகிற செலவு ஒரு வெள்ளைத்தாள்.

இன்னொன்றும் கேட்கலாம். மூடல் திட்டத்தில் எத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்ற எண் இருக்கிறது. அவர்கள் யார் யார் என்ற பட்டியலை யாரும் கேட்டதில்லை. தமர் அடித்தவர், லாரியில் கல் ஏற்றிய பெண், ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு நின்றவர் என்று பாதிப்பேர் கம்பெனியின் புத்தகத்திலேயே இருக்கமாட்டார்கள். ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில் இருப்பார்கள், அந்தப் பதிவேடு கரையானுக்குப் போயிருக்கும். இதே விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டையில் 2022-இல் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. உடைந்த சங்குவளையல் துண்டு ஒவ்வொன்றுக்கும் எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று எண்ணிட்டுப் பதிந்தார்கள். அந்த அக்கறையில் கொஞ்சத்தைப் பந்தல்குடிப் பக்கம் திருப்பி, பழைய வருகைப் பதிவேடுகள் கிடைக்கிறவரை வாங்கி வைக்கவும், தமர் அடித்தவர்களில் உயிரோடு இருப்பவர்களை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்யவும் பெரிய பணம் தேவைப்படாது. அருப்புக்கோட்டைக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்களுக்கு ஒரு பருவத்து வேலை. சம்மட்டி பிடித்த கடைசித் தலைமுறைக்கு இப்போது எழுபது வயதாவது இருக்கும்.